சீதபேதி: ரத்தம் தெரிந்தால் என்ன செய்வது, வீட்டில் பரவாமல் எப்படித் தடுப்பது

தண்ணீராகப் போவது வேறு, சீதபேதி வேறு. கொஞ்சம் கொஞ்சமாக, சளியும் ரத்தமும் கலந்து அடிக்கடி போகும். போய் வந்த பிறகும் முக்கத் தோன்றும். பெருங்குடலின் உள்சுவர் புண்ணாவதே காரணம். ஷிகெல்லா பாக்டீரியா என்றால் பெரும்பாலும் காய்ச்சலோடு திடீரென்று வரும். அமீபா என்ற ஒருசெல் ஒட்டுண்ணி என்றால் மெதுவாகத் தொடங்கி வாரக்கணக்கில் இழுக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு. மீந்துபோன பழைய மாத்திரையைப் போடாமல் மருத்துவரைப் பாருங்கள். பேதியை நிறுத்தும் லோபரமைடு வேண்டவே வேண்டாம். குடல் அசைவை அது கட்டிப்போட, கிருமி உள்ளேயே தங்கிவிடும்.

ஷிகெல்லா தொற்றுவதற்கு 10 முதல் 100 கிருமிகளே போதும். அதனால்தான் வீட்டில் ஒருவருக்கு வந்தால் அடுத்தவருக்கும் வருகிறது. குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட கையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுச் சோறு பிசைவதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். சோப்புப் போட்டு 20 நொடி, நக இடுக்கும் கட்டைவிரலும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். நோயாளிக்குத் தனித் துண்டு கொடுங்கள். பேதி நின்று 48 மணி நேரமாவது அவர் சமையலில் கைவைக்கக் கூடாது.

தண்ணீரில் உள்ள கிருமியைக் கொல்ல, 1000 லிட்டர் தொட்டிக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் போதும். அப்படியே கொட்டாதீர்கள். கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, மேலும் தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். திறந்து கிடந்த பவுடரில் குளோரின் வீரியம் போயிருக்கும். கெட்டியான ஓட்டுக்குள் இருக்கும் அமீபா இந்த அளவு குளோரினுக்குச் சாகாது. அதனால் குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியே ஆறவையுங்கள். குடத்தில் கைவிட்டு மொண்டால் கொதிக்கவைத்தது வீண்.

தண்ணீர் கொடுத்தால் பேதி கூடும் என்று நிறுத்துவது ஆபத்து. ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல் தூள்) பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள். அது கிடைக்காவிட்டால், ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். உப்பு கூடினால் குழந்தைக்குக் கேடு. 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி., கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்துத் தொடருங்கள். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்த வேண்டாம்.

குழந்தை துவண்டு கிடந்தாலோ, கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, வலிப்பு வந்தாலோ, வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். மடக்கு மடக்காகக் குடிக்க முடிந்தால், வழியெல்லாம் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே போங்கள்.