கரண்ட் ஓடுறப்போ பேஷண்ட சும்மா உக்கார வைக்காதீங்க

சேலத்துல ஸ்பீச் தெரபி பாக்குறேன், ஸ்ட்ரோக் வந்து பேச்சு போனவங்கதான் அதிகம். மூளைக்கு வெளியில இருந்தே லேசா கரண்ட் குடுக்குற டிடிசிஎஸ், காந்தத் துடிப்பு குடுக்குற டிஎம்எஸ், இந்த ரெண்டு மேலயும் புதுசா வர்ற பசங்களுக்கு அப்படி ஒரு மோகம். நாங்க ஆரம்பத்துல பண்ணின அதே கூத்த அச்சு பிசகாம பண்றாங்க, பாக்க பாக்க கடுப்பாகுது, அதான் எழுதுறேன். தலைக்குள்ள கிளிப் இருக்கா, காதுல இம்பிளான்ட் இருக்கான்னு கேக்கணும்ங்கறதெல்லாம் எல்லா ஃபார்ம்லயும் இருக்கு, அத விட்டுடறேன்.

தலையில எண்ணெய்

முந்தின நாளே சொல்லிடுங்க, சீயக்காயோ ஷாம்பூவோ போட்டு குளிச்சுட்டு எண்ணெய் வைக்காம வரச்சொல்லி. இல்லன்னா மெஷின் ரெசிஸ்டன்ஸ் அதிகம்னு கத்தும், நீங்க தலையில கரண்ட் குடுக்க வெக்கிற ஸ்பாஞ்ச்ல இன்னும் உப்புத்தண்ணி ஊத்துவீங்க, அது காது வழியா கழுத்துக்கு ஒழுகும், கரண்ட்டும் ஈரம் போன இடத்துக்கெல்லாம் பரவும்.

மெஷின போட்டுட்டு ஃபைல் எழுதப் போறது

இதுதான் எனக்கு இன்னைக்கும் ஆறல.

ஏற்காடு பக்கம் ஒரு எஸ்டேட்ல மேஸ்திரியா இருந்தவர், இடது பக்க மூளையில ஸ்ட்ரோக். சொல்றது நல்லா புரியும், ஆனா வார்த்தை வெளிய வராது. பையன் கூலி வேலைக்கு லீவு போட்டுட்டு, காலைலயே பஸ் ஏத்தி 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கி சேலத்துல ஒரு இடத்துக்கு கூட்டிட்டு வந்திருக்காரு, அங்க தலையில ரெண்டு ஸ்பாஞ்ச கட்டி 20 நிமிஷம் மெஷின ஓட விட்டு, கையில செல்போன குடுத்து வீடியோ பாருங்க ஐயான்னு உக்கார வெச்சிருக்காங்க. டைம் முடிஞ்சா கழட்டிட்டு அனுப்பிடறது. ஸ்பீச் தெரபி தனியா, வேற நாள்ல, அதுவும் ஆள் இருந்தா. காசெல்லாம் கரைஞ்சப்புறம் எங்ககிட்ட வந்து, "மேடம், அத்தன தடவ கரண்ட் வெச்சும் அப்பாவுக்கு ஒரு வார்த்தை கூட வரலைங்க, இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சா வருங்களா"ன்னு கேக்குறாரு பையன். அந்தக் கேள்விக்கு அவர எப்படிங்க குத்தம் சொல்றது, மெஷின்தான் பேச வைக்கும்னு யாரோ அவர நம்ப வெச்சிருக்காங்க.

டிடிசிஎஸ்ல போறது 1ல இருந்து 2 மில்லிஆம்பியர்தான். அதால ஒரு நியூரான, அதாவது மூளையில இருக்குற நரம்பு செல்ல, தானா சுட வைக்க, அதாவது சிக்னல் அனுப்ப வைக்க, முடியாது. ஏற்கனவே வேலை செஞ்சுட்டு இருக்குற நியூரான் இன்னும் கொஞ்சம் சுலபமா சுடுற மாதிரி அதோட மின்னழுத்தத்த லேசா மாத்தும், அவ்வளவுதான். அப்போ அந்த 20 நிமிஷமும் வார்த்தைய தேடுற வேலை உள்ள நடந்துட்டே இருக்கணும், வீடியோ பாத்துட்டு இருந்தா எதுக்கு உதவும் அந்த கரண்ட்? அமெரிக்காவுல 74 பேர வெச்சு செஞ்ச ஒரு ஆய்வு 2018ல வந்துச்சு, 3 வாரம், 15 செஷன், எல்லாருக்கும் வார்த்தைப் பயிற்சி, கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அதுகூட நிஜ கரண்ட், மீதிப் பேருக்கு சும்மா போட்டு நிறுத்தின போலி கரண்ட். நிஜ குரூப் கூடுதலா முன்னேறுச்சு, ஆனா போலி குரூப்பும் முன்னேறுச்சு, ஏன்னா பயிற்சி இருந்துச்சு. அந்த ஆய்வே கூட இது நிரூபணம்னு சொல்லல, தொடர்ந்து பாக்குற அளவுக்கு விஷயம் இருக்குன்னுதான் சொல்லுச்சு. பயிற்சிய எடுத்துட்டு கரண்ட மட்டும் விக்கிறவங்க எத நம்பி விக்கிறாங்கன்னு எனக்குப் புரியல.

மேஸ்திரி ஐயாவுக்கு நாங்க கரண்ட் ஓடுறப்பவே பயிற்சி குடுத்தோம், அவர் வேலையில பழகின படங்களா எடுத்தோம், கூடை, மிளகு, கவாத்துக் கத்தி, ஏணி. ஏணி படத்த பாத்ததும் கை மேல போகுது, மரத்துல சாய்க்கிற மாதிரி காட்டுறாரு, உதடு துடிக்குது, வரல. ஸ்பாஞ்ச் ஈரம் நெத்தியில இறங்குது, தொடைக்கக்கூட விடல அவரு. "ஏ..."ன்னு முதல் சத்தம் மட்டும் எடுத்துக் குடுத்தேன், "ஏணி"ன்னாரு. அடுத்த ரவுண்ட்ல சத்தம் குடுக்கல, கொஞ்ச நேரம் எடுத்து அவரே சொன்னாரு. இது கரண்டாலயா பயிற்சியாலயான்னு ஒருத்தர வெச்சு சொல்ல முடியாது, நான் சொல்லவும் மாட்டேன்.

ஸ்கேன் பாக்காம டேப் புடிக்கிறது

டிஸ்சார்ஜ் சம்மரில இடது பக்கம்னு இருந்தா போதும், டேப் எடுத்து அளந்து, பேச்ச உருவாக்குற ப்ரோகா ஏரியா மேல ஸ்பாஞ்ச வெச்சுடறாங்க. அந்த இடமே செத்துப்போய் தண்ணி நிரம்பி கிடக்கலாம். மூளைய விட அந்தத் தண்ணியில கரண்ட் சுலபமா ஓடும், நீங்க நினைச்ச வழியில போகாது. ஃபிலிம வெளிச்சத்துல புடிச்சு பாருங்க, புரியலன்னா ரேடியாலஜிஸ்ட்ட கேளுங்க.

டிஎம்எஸ்ல பேச்சு நின்னதும் குதிக்கிறது

இது ரிசர்ச் பண்ற பசங்களுக்கு. டிஎம்எஸ் துடிப்பால பேச்ச நிறுத்த முடியும்னு பாஸ்குவல்-லியோன் குழு 1991லயே காட்டிட்டாங்க, உண்மைதான். ஆனா துடிப்பு குடுக்குற காயில் சுருள நெத்திப்பொட்டு பக்கம் வெச்சா தாடைத் தசையும் சேந்து வெட்டும், வாய் கோணும், அதுலயே பேச்சு தடுமாறும். அத மொழிப் பகுதி கண்டுபிடிச்சாச்சுன்னு எழுதிடறாங்க. ஒப்பிட்டுப் பாக்க உச்சந்தலைய கன்ட்ரோலா வெச்சேன்னு சொல்வாங்க, அங்க தசையே வெட்டாதே. அதே அளவு முகம் வெட்டுற இன்னொரு இடத்துல வெச்சுப் பாருங்க, பேச்சே இல்லாத ஒரு டாஸ்க்கையும் அதே இடத்துல குடுங்க.

பேட்டரி வெச்சு வீட்லயே கரண்ட் குடுத்துக்கிறது

வேண்டாம்.

ஃபிட்ஸ் மாத்திரை

கார்பமாஸிப்பின்ங்கற ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிட்டா டிடிசிஎஸ்ஸோட தூண்டுற விளைவு காணாமப் போறது சோதனையில தெரிஞ்ச விஷயம். ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் ஃபிட்ஸ் மாத்திரைல இருக்குறவங்க நிறைய, அதனால மாத்திரை சீட்ட முதல்லயே வாங்கிப் பாருங்க. அதுக்காக மாத்திரைய நிறுத்திட்டு வாங்கன்னு நீங்களா சொல்லிடாதீங்க, நியூராலஜி டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு அப்புறம் மெஷின எடுங்க.