ஊருக்கு வசதி கேட்கும்போது நாம் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் அலுமாரியில் ஒரு மகஜரின், அதாவது ஊரார் கையெழுத்திட்ட கோரிக்கை மனுவின், பிரதி கிடக்கிறது. மூன்று தாள், இருநூறுக்கு மேற்பட்ட கையெழுத்துகள். ஒழுங்கைக்குத் தார், இரண்டு மதகு, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், காலையில் ஒரு பஸ், குப்பை வண்டி, வைத்தியசாலைக்கு இன்னொரு மருத்துவர், விளையாட்டு மைதானத்துக்கு மலசலகூடம் என்று எட்டுக் கோரிக்கைகள். எழுதியவர்களில் நானும் ஒருவன். கையளித்தபோது படம் எடுத்தோம். படம் பத்திரிகையில் வந்தது. பதில் வரவில்லை.

அந்த அலுவலகத்தைத் திட்டிக்கொண்டு பலநாள் திரிந்தேன். பிழை எங்களுடையது என்பது பிறகுதான் விளங்கியது. பிரதேச சபைக்குப் போக வேண்டியதைப் பிரதேச செயலகத்தில் கொடுத்திருந்தோம். இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் இன்றைக்கும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். செயலகம் மத்திய அரசின் நிர்வாகம், எங்கள் விதானையாருக்கு (கிராம அலுவலருக்கு) மேலிடம். சபையோ 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது, வாக்குப் போட்டு நாம் அனுப்பியவர்கள் இருக்கும் இடம். யாழ்ப்பாண மாவட்டத்தில் 13 பிரதேச சபைகள், 3 நகர சபைகள், ஒரு மாநகர சபை. உங்கள் வீடு எதன் எல்லைக்குள் இருக்கிறது என்று தெரியாவிட்டால் சோலைவரிப் (ஆதன வரிப்) பற்றுச்சீட்டைப் பாருங்கள்.

வீதி என்று வந்தால் சிக்கல் இன்னும் கூடும். கண்டி வீதி போன்ற ஏ வகையும் பி வகையும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி வகை மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. ஊருக்குள் இருக்கும் ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபையின் பொறுப்பு. ஒரே பயணத்தில் மூன்று உரிமையாளர்களின் வீதியில் சைக்கிள் ஓட்டுகிறோம், ஒரே ஆளைத்தான் ஏசுகிறோம். தெருவிளக்கிலும் இதே கதை. கம்பம் மின்சார சபையினுடையது, அதில் தொங்கும் விளக்கு பிரதேச சபையினுடையது. விளக்கு எரியவில்லை என்று மின்சார சபைக்கு எழுதினால் எழுதியவர்தான் எரிய வேண்டியிருக்கும். குடிநீர்க் குழாய் நீர் வழங்கல் சபையிடம். தனியார் பஸ்ஸின் வழித்தட அனுமதி மாகாணப் போக்குவரத்து அதிகார சபையிடம். சிவப்பு பஸ், அதாவது அரச பஸ், வேண்டுமென்றால் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) சாலைக்கு, அதாவது டிப்போவுக்கு, போக வேண்டும்.

மாகாணத் திணைக்களங்களுக்கு எழுதுபவர்கள் மாகாண அமைச்சர் என்று விளித்து எழுதுவதையும் கண்டிருக்கிறேன். வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. அந்தக் கடிதங்கள் ஆளுநருக்கும் உரிய அமைச்சின் செயலாளருக்கும் போக வேண்டியவை.

ஆகவே எட்டுக் கோரிக்கையை ஒரே தாளில் எழுதாதீர்கள். எட்டும் ஒரே கோவையில் (கோப்பில்) போனால் ஒவ்வொரு மேசையிலும் தன்னுடையதல்லாத மற்ற ஏழு கோரிக்கைகளைக் காட்டி அடுத்த மேசைக்குத் தள்ள வழி இருக்கிறது. ஒரு கோரிக்கைக்கு ஒரு கடிதம், அதில் வீதியின் பெயர், தொடங்கும் இடம், முடியும் இடம், நீளம் இருக்கட்டும். "எமது கிராமம் நீண்டகாலமாகப் புறக்கணிக்கப்பட்டு வருகிறது" என்ற வசனம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதை வைத்து எந்தத் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் மதிப்பீடு போட முடியாது.

ஒழுங்கை சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்பதையும் முதலே கேட்டுவிட வேண்டும். ஊர் பெருத்தபோது தோட்டக் காணிகளைத் துண்டு துண்டாக விற்று, போய்வர விட்ட பாதைகள் பலவும் இன்னும் யாரோ ஒருவருடைய காணி உறுதிப் பத்திரத்தில் கிடக்கின்றன. தனியார் காணியில் சபை தார் ஊற்றாது.

இனிச் சொல்வது பலருக்குப் பிடிக்காது. எங்கள் ஒழுங்கையில் வெள்ளம் நிற்பதற்கு வடிகால் இல்லாததுதான் காரணம் என்று மகஜரில் எழுதியிருந்தோம். முன்பு எல்லா வளவுக்கும் கிடுகு வேலி. மாரி மழை வேலிக்கு அடியால் புகுந்து, வளவுகளைக் கடந்து, வயல் பக்கம் போய்விடும். இப்போது வேலி இருந்த இடமெல்லாம் மதில். பழைய வெள்ளவாய்க்கால் ஒன்றும் இருந்தது. அதன் மேல் கட்டப்பட்ட மதில்களில் ஒன்று கையெழுத்துப் போட்டவருடையது. ஊர்க்கூட்டத்தில் அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. பிறகு பார்வையிட வந்த உத்தியோகத்தர் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஊருக்குள் தீர்க்க வேண்டியதை ஊருக்குள் தீர்த்துவிட்டு வெளியே போங்கள்.

காலம் பார்க்காமல் கேட்பது இன்னொரு பிழை. வெள்ளம் வரும் ஐப்பசி, கார்த்திகையில்தான் எல்லோருக்கும் கோபம் வரும். அடுத்த ஆண்டுக்கான பாதீட்டை (வரவு செலவுத் திட்டத்தை) சபை டிசம்பர் முடிவதற்குள் நிறைவேற்ற வேண்டும். வேலைகளின் பட்டியல் அதற்கு முன்பே உருவாகத் தொடங்கிவிடும். ஆவணி, புரட்டாதியில் கடிதம் உள்ளே இருக்க வேண்டும், வட்டார உறுப்பினருக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்க வேண்டும். 2025 மே தேர்தலுக்குப் பிறகு சபைகளில் மீண்டும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் உறுப்பினர் என்று பிடிக்க ஒருவரும் இருக்கவில்லை.

பதில் வராவிட்டால் உடனே வீதி மறியலுக்கு இறங்குபவர்கள் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்தின் மீதான முடிவை 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். "ஏன் எங்கள் வீதியைப் போடவில்லை" என்று கேட்டால் பதில் மழுப்பலாக வரும். "இந்த வட்டாரத்துக்குச் சென்ற ஆண்டு ஒதுக்கிய தொகை எவ்வளவு, எந்த வேலைக்குச் செலவானது" என்று கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் காசு அனுப்புவார்கள் என்று எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கட்டுவதும் நல்லதல்ல. கட்டடம் எழும்பும், பெயர்ப்பலகையும் எழும்பும். மின்கட்டணத்தை யார் கட்டுவது என்ற கேள்வி திறப்பு விழாவுக்கு அடுத்த மாதம் வரும். புதிதாகக் குடிவந்தவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் வைக்கவும் வேண்டாம். விதானையாரிடம் பதியாத குடும்பம் எந்தக் கணக்கிலும் வராது என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்களும் நாங்கள்தான்.

எங்கள் இரண்டாவது கடிதம் மதகுக்கு மட்டும் எழுதப்பட்டது. உத்தியோகத்தர் பங்குனி வெயிலில் வந்தார். ஒழுங்கை காய்ந்து புழுதி பறந்தது. வெள்ளம் எவ்வளவு உயரத்துக்கு நிற்கும் என்று கேட்டார். ஆண்கள் நாங்கள் இடுப்பில், தொடையில், முழங்காலில் என்று ஆளுக்கொரு இடத்தைத் தொட்டுக் காட்டினோம். மூலை வீட்டு அம்மா ஒன்றும் பேசாமல் அவரைத் தன் குசினிக்குள் கூட்டிப்போனார். சுவரில் மண்நிறத்தில் ஒரு கோடு. பொங்கலுக்கு மகன் வெள்ளையடித்தபோது அந்த ஒரு சுவரை மட்டும் தொடவேண்டாம் என்று மறித்துவிட்டாராம். உத்தியோகத்தர் நாடாவை இழுத்து, நிலத்திலிருந்து அந்தக் கோடு வரை அளந்து, கோவையில் எழுதிக்கொண்டார்.