முற்றத்து மூலையில் இரண்டு தளங்கள்: வெட்டுக்கோடு காணும் முறை

புதுச்சேரி வைசியாள் வீதிப் பக்கம் பழைய தமிழ் வீடு ஒன்றின் முற்றத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஓட்டுக்கூரைகள் உள்நோக்கிச் சரிந்து வரும். அடுத்தடுத்த இரண்டு கூரைகள் கூடும் மூலையில் ஒரு கோடு சாய்வாக இறங்கும். ஒவ்வொரு கூரையும் ஒரு தளம்; அந்தக் கோடுதான் அவற்றின் வெட்டுக்கோடு. பன்னிரண்டாம் வகுப்பு வெக்டர் கணக்கில் தேடுவதும் இதையேதான். (கணிதத்தில் தளம் என்றால் எல்லையில்லாமல் விரியும் தட்டைப் பரப்பு. கொத்தனார் போடும் தளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

முதலில் அச்சுகள். முற்றத்தின் தென்மேற்கு மூலையில் கூரை விளிம்புகள் கூடும் இடத்துக்கு நேர் கீழே, தரையில், தொடக்கப் புள்ளி. அங்கிருந்து மேற்கே வீட்டுக்குள் போகும் தூரம் ‘மே’, தெற்கே போகும் தூரம் ‘தெ’, தரையிலிருந்து உயரம் ‘உ’. எல்லாம் அடிக்கணக்கு. எக்ஸ், ஒய், இசட் என்று பழகியவர்கள் அதே வரிசையில் படித்துக்கொள்ளலாம். கூரையின் விளிம்பு 7 அடி உயரத்தில் இருக்கிறது, 2 அடி உள்ளே போனால் 1 அடி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

மேற்குக் கூரை: உ = 7 + மே/2, அதாவது மே − 2உ = −14
தெற்குக் கூரை: உ = 7 + தெ/2, அதாவது தெ − 2உ = −14

ஒரு கோட்டை முழுசாகச் சொல்ல அதன் திசையும், அதன் மேல் ஒரு புள்ளியும் தெரிந்தால் போதும்.

திசைக்கு, கெழுக்களை (மாறிகளை ஒட்டி வரும் எண்களை) அப்படியே எடுத்தால் அந்தந்தத் தளத்துக்குச் செங்குத்தான வெக்டர்கள் கிடைக்கும்: (1, 0, −2), (0, 1, −2). சமன்பாட்டில் இல்லாத மாறிக்குப் பூச்சியம் போட மறந்தால் மேற்கொண்டு எல்லாமே தப்பாகிவிடும். வெட்டுக்கோடு இரண்டு தளங்களிலும் படுத்திருப்பதால், இரண்டு செங்குத்துகளுக்கும் அது செங்குத்து. ஆகவே அவற்றின் வெக்டர் பெருக்கலே திசை:

முதல் கூறு: 0×(−2) − (−2)×1 = 2
இரண்டாவது: (−2)×0 − 1×(−2) = 2
மூன்றாவது: 1×1 − 0×0 = 1

திசை (2, 2, 1). நடுக்கூறில்தான் குறி மாறிப்போகும். அதனால் விடையை இரண்டு செங்குத்துகளோடும் புள்ளிப் பெருக்கல் (கூறுக்குக் கூறு பெருக்கிக் கூட்டுவது) செய்து பாருங்கள்: 2 + 0 − 2 = 0, 0 + 2 − 2 = 0. இரண்டும் பூச்சியம் வந்தால்தான் மேலே போகலாம்.

புள்ளிக்கு, மே = 0 என்று வைத்தால் உ = 7, தெ = 0. கோடு இதோ: மே/2 = தெ/2 = (உ − 7)/1.

இந்தச் சின்ன விடைக்குள் நிறைய இருக்கிறது. (2, 2, 1)-இன் நீளம் சரியாக 3. கூரை 8 அடி உள்ளே போய் முகட்டைத் தொட்டால், கோடு (0, 0, 7)-இல் தொடங்கி (8, 8, 11)-இல் முடியும். மூலைக் கைமரத்தின் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரத்தின்) நீளம் 12 அடி. சாதாரணக் கைமரத்துக்கோ சுமார் 8.94 அடிதான். கூரையின் சரிவு 26.6 பாகை, மூலைக்கோட்டின் சரிவு 19.5 பாகை மட்டுமே. எட்டுக்கு எட்டு அடி மூலைச் சதுரத்தில் விழும் மழை முழுவதும், ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 59 லிட்டர், இந்தச் சாய்வு குறைந்த வழியாகத்தான் ஓடியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓட்டு வீடு முதலில் இந்த மூலையில் ஒழுகுவதற்கு இது பெரிய காரணம்.

அங்கே தகரம் மடித்துப் போடுபவர்களுக்கு ஒரு கணக்கு. செங்குத்துகளின் புள்ளிப் பெருக்கல் 4, ஒவ்வொன்றின் நீளமும் √5, ஆகவே கொசைன் 4/5, கோணம் 36.9 பாகை. தட்டைத் தகரத்தை அவ்வளவு மடித்தால் போதும். மேலிருந்து பார்க்க மூலை செங்கோணமாகத் தெரிகிறதே என்று 90 பாகைக்கு மடித்தால் தகரம் ஓட்டின் அடியில் படியாது.

மேலிருந்து பார்க்கையில் இந்தக் கோடு 45 பாகையில் போவது, இரண்டு சரிவுகளும் சமம் என்பதால்தான். தெற்குக் கூரை அடிக்கு அடி ஏறினால் அதன் சமன்பாடு தெ − உ = −7, திசை (2, 1, 1). மேற்கே 2 அடி போகையில் தெற்கே 1 அடிதான் போகிறது. பழக்கத்தில் 45 பாகைக்கு மரம் அறுத்தால் ஓடுகள் மூலையில் சேராது.

புள்ளி தேடும்போது எப்போதும் மூன்றாவது மாறியையே பூச்சியமாக்கும் பழக்கமும் ஒரு நாள் காலை வாரும். மேற்குக் கூரையின் முகட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: முற்றத்துப் பக்கச் சரிவு உ = 7 + மே/2, அப்பால் இறங்கும் சரிவு உ = 15 − மே/2. திசை (0, 1, 0), தரைக்கு இணை. உ = 0 போட்டால் மே ஒரு பக்கம் −14, மறுபக்கம் 30; முரண்பாடு. கோடு இல்லை என்று அர்த்தமல்ல, அது உ = 0-ஐத் தொடவே தொடாது. திசையில் எந்தக் கூறு பூச்சியம் இல்லையோ அந்த மாறியைப் பூச்சியமாக்குங்கள். இங்கே தெ = 0 போட்டால் (8, 0, 11) உடனே வரும்.

வெக்டர் பெருக்கல் முழுதும் பூச்சியமானால் தளங்கள் இணை, அல்லது இரண்டும் ஒன்றே. வலப்பக்க எண்ணும் கெழுக்களின் அதே விகிதத்தில் இருந்தால் ஒன்றே.

மூன்று தளங்களுக்கு, அவற்றின் கெழுக்களை மூன்று வரிசையாக அடுக்கிக் கணக்கிடும் அணிக்கோவையைப் பாருங்கள். அது பூச்சியம் இல்லையென்றால் பொதுப்புள்ளி ஒன்றே ஒன்று. மேற்குக் கூரை, தெற்குக் கூரை, முகட்டுக்கு அப்பால் இறங்கும் சரிவு மூன்றும் (8, 8, 11)-இல் சந்திப்பது அப்படித்தான். முகட்டின் இரண்டு சரிவுகளோடு உ = 7 என்ற மச்சைச் சேர்த்தாலோ அணிக்கோவை பூச்சியம். இரண்டிரண்டாக வெட்டிக்கொண்டு மூன்று இணைகோடுகள் வரும்: மே = 8-இல் முகடு, மே = 0-இலும் 16-இலும் கூரை விளிம்புகள். மூன்றுக்கும் பொதுவான புள்ளி ஒன்றுகூடக் கிடையாது.