பாய்லர் ஆபரேட்டருக்கு முடிவெடுக்கும் பயிற்சி: பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டை ஷெட்டுகளுக்கு ஒரு வழிமுறை

முதலில் அரைப் பக்கத்தில் ஒரு நிலைமையை எழுதுங்கள். உதாரணம்: இரவு 2 மணி. பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில் தண்ணீர் தெரியவில்லை. பர்னர் எரிகிறது, அலாரம் அடிக்கவில்லை. சாயமிடும் (டையிங்) பிரிவிலிருந்து ஸ்டீம் கேட்டு போன் வருகிறது. வேண்டுமென்றே ஒன்றிரண்டு தகவல்களை விட்டுவிடுங்கள். நிஜ ஷிப்டிலும் எல்லாம் கையில் இருக்காது.

பயிற்சி பெறுபவருக்கு 3 நிமிடம் கொடுத்து, முதலில் என்ன செய்வார், பிறகு என்ன, ஏன் என்று கேளுங்கள். பலரும் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் ஃபீட் பம்பைப் போடுவோம் என்பார்கள். இங்கேதான் நிறுத்திப் பேச வேண்டும். தண்ணீர் வற்றிச் சூடேறிய குழாய்மேல் தண்ணீர் பட்டால் சட்டென நீராவியாகி அழுத்தம் எகிறும், உலோகம் விரிசல் விடலாம், வெடிக்கவும் செய்யலாம். பர்னரை நிறுத்துவதே முதல் வேலை. பம்பைத் தொடாமல் ஆற விட்டு, பொறுப்பாளரைக் கூப்பிட வேண்டும்.

அனுபவமுள்ள இரண்டு மூன்று ஆபரேட்டர்களின் பதில்களை முன்பே காரணத்தோடு வாங்கி வையுங்கள். பயிற்சி பெறுபவர் தன் பதிலை முடித்த பிறகே அவற்றைக் காட்டுங்கள்.

மதிப்பிடும்போது எதைக் கவனித்தார், எதைக் கேட்டார், எந்தத் தகவல் வந்தால் முடிவை மாற்றுவார் என்று தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள். முடிவு சரி, காரணம் தவறு என்றால் தேறியதாகக் கொள்ளாதீர்கள். இருவர் தனித்தனியே மதிப்பிட்டு ஒப்பிடுவது நல்லது. பயிற்சியில் பயன்படுத்திய தாளைத் தேர்வுக்கு வைக்காதீர்கள். அடுத்த ஷிப்டுக்குள் பரவிவிடும்.

பதில்களைக் குழுவாகப் பேசும்போது சூப்பர்வைசர் முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள், அவர் கடைசியில் பேசட்டும். தாள் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இருந்தாலும், தமிழ் ஆபரேட்டர் தமிழில் வாயால் பதில் சொல்லட்டும்.