சவுத்எண்டில் ஓதம் பார்த்துப் பயணிக்கவும்

இங்கிலாந்தின் சவுத்எண்டுக்குக் கடலில் கால் நனைக்கச் செல்பவர்கள், ரயில் சீட்டு வாங்குவதற்கு முன் கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைக் காட்டும் அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்து, உயர் ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் கரையை அடையுமாறு புறப்படுவது நல்லது. தேம்ஸ் ஆற்றின் முகத்துவாரம் அங்கே மிகவும் ஆழம் குறைந்தது என்பதால், தாழ் ஓதத்தின்போது கடல் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் பின்வாங்கிக் கண்ணுக்கெட்டிய வரை சாம்பல் நிறச் சேறே தெரியும். படகுகள் கரையை நெருங்க முடியாத இந்தக் குறையால்தான் அவ்வூரின் புகழ்பெற்ற படகுத்துறைப் பாலம் 2.16 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் நீள்கிறது. ஓத நேரம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் நேற்றைய கணக்கு இன்றைக்கு உதவாது. கிரீன்விச் நேரத்தில் அச்சிட்ட அட்டவணையானால், அங்கே கடிகாரத்தை முன்தள்ளி வைக்கும் கோடையில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான். நீர் வற்றியிருக்கும் நேரத்தைப் பாலத்துக்கும், ராட்டினங்கள் நிறைந்த அட்வெஞ்சர் ஐலண்டுக்கும், பக்கத்து லீ-ஆன்-சீயின் மட்டிக் கடைகளுக்கும் ஒதுக்கலாம். சேற்றில் மட்டும் வெகுதூரம் நடக்கக் கூடாது, ஏனெனில் நீர் விரைவாகத் திரும்பிச் சூழ்ந்துவிடும். கூழாங்கற்கள் செங்குத்தாகச் சரியும் பிரைட்டன் கரையில் கடல் எப்போதும் அருகிலேயே இருப்பதால், அங்கே இந்தக் கணக்குத் தேவையில்லை.