கூகுள் டாஸ்க்ஸில் வேலைகளை ஒழுங்குபடுத்துவது

கூகுள் டாஸ்க்ஸ் என்னும் வேலைப்பட்டியல் செயலியில் மூன்று பட்டியல் போதும்: ‘வரவு’, ‘செய்யவேண்டியவை’, ‘பிறரிடம் நிற்பவை’. நினைவுக்கு வருவதை யோசிக்காமல் வரவில் போடுங்கள். மாலையில் 10 நிமிடம் ஒதுக்கி, அவற்றை மற்ற இரண்டு பட்டியல்களில் பிரித்துப் போடுங்கள். 2 நிமிடத்தில் முடிவதை அப்போதே முடித்துவிடலாம்.

பலரும் சறுக்கும் இடம், வேலைக்கு வைக்கும் பெயர். ‘வீட்டு வரி’ என்று எழுதினால் பார்க்கும்போதெல்லாம் முதலிலிருந்து யோசிக்க வேண்டும், அதனாலேயே தள்ளிப்போகும். ‘பழைய ரசீதில் வரிவிதிப்பு எண்ணைத் தேடி எடு’ என்று எழுதுங்கள். வினைச்சொல்லில் முடியாத குறிப்பை வேலையாகவே எண்ணாதீர்கள். பல படிகள் உள்ளதென்றால், அவற்றைத் துணைவேலைகளாக அதன் கீழே சேருங்கள்.

தேதி போடுவதில் கஞ்சத்தனம் நல்லது. தேதியிட்டவை கூகுள் காலண்டரிலும் தெரியும். எல்லாவற்றுக்கும் ‘இன்று’ என்று போட்டால், உண்மையான கெடு அந்தக் கூட்டத்தில் கண்ணில் படாது. அன்று தவறினால் அபராதமோ நஷ்டமோ வரும் என்பவற்றுக்கு மட்டும் தேதி.

மின்னஞ்சலில் வந்த வேலையை ஜிமெயிலிலிருந்தே டாஸ்க்ஸில் சேருங்கள். அந்த மடலுக்கான இணைப்பும் கூடவே வரும். பிறரிடம் நிற்பவற்றில் ஆளின் பெயரையும் கேட்ட தேதியையும் குறியுங்கள். அந்தப் பட்டியலைப் பார்ப்பதையே வெள்ளிதோறும் திரும்ப வரும் வேலையாக அமையுங்கள்.