குப்புறப் போட்டால் அலறும் பிள்ளையும் ஒரு பழைய லோஞ்சியும்

என் மகனுக்கு இப்போது 8 மாதம். கூடம் முழுக்கத் தவழ்ந்து, மின்விசிறி ஒயரைப் பிடித்து இழுக்கிறான். 2 மாதத்தில் இதே பிள்ளைதான் குப்புறப் போட்டால் பாயில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு அலறுவான். யாங்கோனில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளம் வரை அந்தச் சத்தம் கேட்கும். "பச்சப்புள்ளைய ஏம்மா இப்படிப் போட்டு வதைக்கிற?" என்று அத்தை வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார். நானும் பத்து நாள் விட்டுவிட்டேன். அப்புறம் எப்படிச் சரியானது என்பதை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

எதற்காகக் குப்புற என்று கேட்டால், கழுத்து, தோள், முதுகு மூன்றுக்கும் வேலை கிடைப்பது அப்போதுதான். தவழ ஆரம்பிக்காத குழந்தை, விழித்திருக்கும் நேரத்தில், நாள் முழுவதும் சேர்த்துக் குறைந்தது 30 நிமிடம் குப்புறக் கிடக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. ஒரே மூச்சில் 30 நிமிடம் என்று நினைத்துதான் நான் முதலில் கோட்டை விட்டேன். இரண்டிரண்டு நிமிடமாகப் பிரித்துப் போட்டாலே போதும். தூங்க வைப்பது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான், கெட்டியான சமதளப் படுக்கையில்.

1. முதலில் உங்கள் நெஞ்சின் மேல். பிறந்த சில நாட்களிலேயே தொடங்கலாம். சாய்ந்து உட்கார்ந்து பிள்ளையை நெஞ்சில் குப்புறக் கிடத்திப் பேசுங்கள். உங்கள் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கும். நீங்கள் தூங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

2. பிறகு தரையில். மெத்தை வேண்டாம், அமுங்கும். கடையில் விற்கும் வண்ண வண்ண நுரைப் பாயும் வாங்கிப் பார்த்தேன், யாங்கோன் வெயிலில் பிள்ளைக்கு வியர்த்ததுதான் மிச்சம். என் ஓட்டு கோரைப்பாய்க்கே. அதன் மேல் ஒரு பருத்தித் துணி. மழைக்காலத்தில் பாய் பூஞ்சை பிடிக்கும், வெயில் தலைகாட்டும் போதெல்லாம் காய வையுங்கள். பால் குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். டயப்பர் மாற்றியதும் கையோடு திருப்பிப் போட்டுவிடுவது சுலபம், மறக்காது.

3. முழங்கை. என்னைக் கவிழ்த்தது இதுதான். குப்புறப் போட்டதும் கைகள் இரண்டும் விமானத்தின் இறக்கை போலப் பின்னால் போய்விடும். ஊன்ற எதுவும் இல்லாததால் தலை தூக்க முடியாது, முகம் பாயில் புதையும், அழுகை. இதற்கு நெஞ்சுக்குக் கீழே சுருள் வைக்கச் சொல்வார்கள். நான் பெரிய குளியல் துண்டைச் சுருட்டி வைத்தேன். அது அவன் உயரத்துக்கு மலை. கைகள் தரையைத் தொடாமல் காற்றில் தொங்கின, இன்னும் அதிகமாக அழுதான்.

என் கணவரின் நைந்துபோன லோஞ்சி (இங்கே இடுப்பில் கட்டும் கைலி) ஒன்றை என் மணிக்கட்டுப் பருமனுக்கு இறுகச் சுருட்டியபோதுதான் வழி பிறந்தது. சுருளை அக்குளுக்கு நேராக, நெஞ்சின் குறுக்கே வையுங்கள். வயிற்றுக்குக் கீழே போனால் தலைகுப்புறச் சாயும். இரண்டு கைகளையும் சுருளுக்கு முன்னால் கொண்டுவந்து, முழங்கை சரியாகத் தோளுக்கு நேர்கீழே இருக்கும்படி ஊன்றி வையுங்கள். பின்புறத்தில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினால் பாரம் இடுப்புக்குப் போய்த் தலை தானாக எழும்பும். முதல் நாள் என் மகன் நாலு எண்ணும் வரை தூக்கினான். பிறகு நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். உடனே தூக்கிவிட்டேன். அழும் வரை விடாதீர்கள், அலுக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன்: எண்ணெய் தேய்த்த உடம்போடு போடாதீர்கள். எங்கள் வீட்டில் சனிக்கிழமை மட்டும் ஏன் சரிப்படவில்லை என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். முழங்கை வழுக்கியிருக்கிறது!

முன்னால் வைக்க விலை உயர்ந்த பொம்மை தேவையில்லை. உங்கள் முகமே முதல் பொம்மை, ஒரு சாண் தூரத்தில் குனிந்து படுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, எப்படித் தள்ளினாலும் எழுந்து உட்காரும் நம் ஊர்க் காகிதக்கூழ் பொம்மை. சிவப்பும் பொன்னிறமும் கண்ணை இழுக்கும். வாயில் வைக்க மட்டும் விடாதீர்கள், சாயம்.

பெரும்பாலான பிள்ளைகள் 4 மாத வாக்கில் முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கிவிடும். பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் 5ஆம் மாதத்துக்கு உரியது. கை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் பிள்ளையைப் பாடுவது. அத்தையிடம் இதைச் சொன்ன பிறகு வதைக்கிறேன் என்ற பேச்சு நின்றது.

4. புரளுதல். மல்லாந்து கிடக்கும்போது ஒரு முழங்காலை மடக்கி மறுபக்கமாக மெதுவாகக் கொண்டுபோங்கள். இடுப்பு திரும்பும், தோளும் தலையும் பின்னால் வரும்வரை காத்திருங்கள். கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. கவிழ்ந்ததும் ஒரு கை அடியில் மாட்டிக்கொள்ளும். நீங்கள் உருவிவிடாமல், எதிர்ப்பக்க இடுப்பை லேசாக அழுத்திப் பிடியுங்கள், அதுவே இழுத்துக்கொள்ளும். இடம், வலம் இரண்டு பக்கமும் மாற்றிச் செய்யுங்கள். புரள முயல ஆரம்பித்தால் துணியால் சுற்றித் தூங்க வைப்பதை நிறுத்திவிடுங்கள்.

5. உட்காருதல். இதற்கு அவசரப்படாதீர்கள். உங்கள் சம்மணத்துக்குள் உட்கார வைத்து, கைகளை முன்னால் தரையில் ஊன்ற விடுங்கள், போதும். தூளி எங்கள் வீட்டிலும் உண்டு, ஆனால் அதில் கிடக்கும் நேரத்தில் கை ஊன்ற இடமில்லை. நடைவண்டி, அதாவது நடுவில் உட்கார வைக்கும் சக்கர வண்டி, வாங்கவே வாங்காதீர்கள். படியில் உருண்டு விழும் ஆபத்துக்காகக் கனடாவில் 2004லேயே தடை செய்துவிட்டார்கள். எங்களுடையது மாடி வீடு, வேறு சொல்ல வேண்டுமா?

பின்சேர்க்கை: மௌலமைனிலிருந்து ஒரு தங்கை, பிள்ளை எப்போதும் வலப்பக்கமே பார்க்கிறது, தலை ஒரு பக்கம் தட்டையாகிறது என்று எழுதியிருந்தார். படுக்கும் திசையை மாற்றி, பேசுவதும் பொம்மை காட்டுவதும் இடப்பக்கமிருந்து செய்யுங்கள். கழுத்துத் தசை இறுகியிருக்கவும் கூடும், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் மாதக் கணக்கைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறக்க வேண்டியிருந்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

4 மாதம் முடிந்தும் தலை நிற்காவிட்டால், உடம்பு துவண்டோ கட்டையாக விறைத்தோ இருந்தால், ஒரு கையை மட்டுமே நீட்டினால், செய்துகொண்டிருந்ததைச் செய்யாமல் போனால், லோஞ்சிச் சுருளை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.